ஸ்வீடனுக்குப் போன கௌபாய்: லீ ஹேசில்வுட் இசைத்தட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ரெக்கார்டு அலமாரியைப் புரட்டுகிறவர்கள் ஒரு தட்டை எடுத்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்கள். 'கௌபாய் இன் ஸ்வீடன்', லீ ஹேசில்வுட், 1970. கௌபாய்க்கு ஸ்வீடனில் என்ன வேலை என்பதில் ஆரம்பித்து, எங்கே வாங்குவது, ஒரிஜினலை எப்படிக் கண்டுபிடிப்பது, கழுவலாமா கூடாதா என்று கேள்விகள் நீளும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதியிருக்கிறேன். கேள்விகள் நண்பர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன.

இந்த லீ ஹேசில்வுட் யாருங்க? பேரையே கேள்விப்பட்டதில்லையே.

பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இவருடைய வேலையைக் கேட்டிருப்பார்கள். 1929-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் மேன்ஃபோர்டு என்ற சிற்றூரில் பிறந்தவர். கொரியப் போரில் ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து, அரிசோனாவில் கூலிட்ஜ் என்ற சின்ன ஊரின் வானொலி நிலையத்தில் பாட்டுப் போடுகிறவராக வேலை பார்த்தார். அங்கேதான் டுவேன் எடி என்ற கிதார் இளைஞனைச் சந்தித்தார். பாட்டு எழுதுவது, மற்றவர்களைப் பாட வைத்துப் பதிவு செய்வது, அப்புறம் தானும் பாடுவது என்று மூன்று வேலையையும் செய்தவர். 1956-ல் சான்ஃபோர்டு கிளார்க் பாடிய 'தி ஃபூல்' இவருக்குக் கிடைத்த முதல் பெரிய வெற்றி.

டுவேன் எடியின் கிதாரில் அந்த ஆழமான அதிர்வு எப்படி வந்தது என்ற கதையை நான் எல்லோருக்கும் சொல்வேன். ஃபீனிக்ஸ் நகரில் அவர்கள் பதிவு செய்த ஸ்டுடியோவில் எதிரொலி அறை கிடையாது. லீ ஒரு பெரிய காலித் தொட்டியைத் தேடிப் பிடித்து ஸ்டுடியோவுக்கு வெளியே வைத்தார். தொட்டியின் ஒரு முனையில் ஸ்பீக்கர், மறுமுனையில் மைக். கிதாரின் ஒலி தொட்டிக்குள் போய்ச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. 1958-ல் வந்த 'ரெபெல் ரௌசர்' பாட்டைப் போட்டால் முதல் பத்து விநாடியிலேயே அந்தத் தொட்டி காதில் விழும்.

'பூட்ஸ்' பாட்டு எழுதினவர்தானே? அதைவிட்டுட்டு ஏன் இந்தத் தட்டைத் தேடுறீங்க?

ஆமாம், அவரேதான். நான்சி சினாட்ரா பாடிய 'தீஸ் பூட்ஸ் ஆர் மேட் ஃபார் வாக்கின்' 1966-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடத்துக்குப் போனது. எழுதியதும் தயாரித்ததும் லீ. ஆரம்பத்தில் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி வழுக்கி வருமே, அது சக் பெர்காஃபர் என்பவர் டபுள் பாஸில் வாசித்தது. மறு வருஷம் ஃபிராங்க் சினாட்ராவும் மகள் நான்சியும் சேர்ந்து பாடி முதலிடம் பிடித்த 'சம்திங் ஸ்டுப்பிட்' பாட்டுக்கும் இவர் இணைத் தயாரிப்பாளர்.

அந்தப் பாட்டுகள் எல்லாம் லட்சக்கணக்கில் அச்சான தட்டுகளில் இருக்கின்றன. 1968-ல் வந்த 'நான்சி அண்ட் லீ' எல்பி (பல பாட்டுகள் கொண்ட பெரிய தட்டு) பழைய தட்டு விற்கும் கடைகளில் இன்றும் சிரமமில்லாமல் கிடைக்கிறது. வாங்குங்கள், அருமையான தட்டு. ஆனால் அவை மற்றவர்களுக்காக அவர் கட்டிக்கொடுத்த வீடுகள். தனக்காக அவர் கட்டிக்கொண்ட வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் 'கௌபாய் இன் ஸ்வீடன்' கேட்க வேண்டும்.

சரி, கௌபாய்க்கும் ஸ்வீடனுக்கும் என்ன சம்பந்தம்?

1970 வாக்கில் லீ அமெரிக்காவை விட்டுக் கிளம்பி ஸ்வீடனுக்குக் குடிபோனார். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம், கட்டாய ராணுவச் சேவை வயதை அவர் மகன் நெருங்கிக்கொண்டிருந்தான். அதுவும் ஒரு காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதே நேரத்தில் அவருடைய சொந்த நிறுவனமும் தள்ளாட ஆரம்பித்திருந்தது.

ஸ்வீடனில் டோர்பியோர்ன் ஆக்செல்மான் என்ற தொலைக்காட்சி இயக்குநர் அவருக்கு நெருங்கிய நண்பரானார். இருவரும் சேர்ந்து 1970-ல் 'கௌபாய் இன் ஸ்வீடன்' என்ற தொலைக்காட்சிப் படத்தை எடுத்தார்கள். அதன் பாட்டுகள்தான் இந்தத் தட்டு. மீசை வைத்த, அடிக்குரல் அமெரிக்கர் ஒருவர் வடக்குக் குளிரில் பாடித் திரிகிறார் என்பதற்கு மேல் பெரிதாகக் கதை எதையும் எதிர்பார்க்க வேண்டாம்.

இது கன்ட்ரி மியூசிக்கா, பாப்பா? கடையில எந்த வரிசையில தேடணும்?

கடைக்காரரைப் பொறுத்து இரண்டு வரிசையிலும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். கதை சொல்லும் முறையும் குரலும் கன்ட்ரி. ஜெயில், குடி, விட்டுப் போன பெண், காலியான பாக்கெட். ஆனால் பின்னால் ஓடுகிற வயலின் கூட்டமும் கொம்பு வாத்தியங்களும் பாப் இசைக்கும் சினிமாவுக்கும் உரியவை. சுத்தமான கன்ட்ரி கேட்கிறவருக்கு இது ரொம்ப மெருகாகத் தோன்றும், பாப் கேட்கிறவருக்கு ரொம்ப இருட்டாகத் தோன்றும். அந்தக் காலத்தில் சரியாக விற்காததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

தட்டுல என்னதான் இருக்கு? பாட்டு பாட்டா சொல்லுங்களேன்.

பதினோரு பாட்டு. முதலில் 'பிரே தெம் பார்ஸ் அவே', சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் இருப்பவனின் பாட்டு. ஊசி வைத்த கொஞ்ச நேரத்திலேயே அந்தக் குரல் வந்துவிடும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, ஆனால் காதுக்குப் பக்கத்தில். அடுத்து 'லெதர் அண்ட் லேஸ்'. இதில் நீனா லிசெல் என்ற ஸ்வீடன் பாடகி சேர்ந்துகொள்கிறார். லீயின் கரகரப்பும் நீனாவின் தெளிவும் பெயருக்கு ஏற்ற மாதிரியே தோலும் பட்டுச்சரிகையுமாக இருக்கும்.

'ஃபர்கெட் மரீ', 'கோல்டு ஹார்டு டைம்ஸ்', 'தி நைட் பிஃபோர்' மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. தட்டின் பாரம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. 'தி நைட் பிஃபோர்' முந்தின இரவை நினைத்துக்கொண்டு விடிந்தபின் உட்கார்ந்திருப்பவனின் பாட்டு. நான் இதை முதலில் ஹெட்போனில் கேட்டபோது வயலின்களைத்தான் கவனித்தேன். பல முறை கேட்ட பிறகுதான், வயலின்கள் உயர உயர அவர் குரல் துளிகூட உயரவில்லை என்பது உறைத்தது. கூட்டத்தில் ஒருவர் மட்டும் அழாமல் நிற்கிற மாதிரி. 'ஹே கௌபாய்' நேர் எதிர். நீனா அவரைச் சீண்டுகிறார், அவர் நிதானமாகப் பதில் சொல்கிறார்.

'நோ டிரெயின் டு ஸ்டாக்ஹோம்' போரை மறுக்கிற பாட்டு, ஆனால் கோஷம் போடாது. 'ஃபார் எ டே லைக் டுடே' பாட்டில் லீயின் குரலே இல்லை, சூசி ஜேன் ஹோகோம் தனியாகப் பாடுகிறார். 'ஈஸி அண்ட் மீ' அமைதியான ஒன்று. 'வாட்ஸ் மோர் ஐ டோன்ட் நீட் ஹெர்' என்பது 'போதாததுக்கு, எனக்கு அவள் தேவையும் இல்லை' என்று ஒருவன் சொல்லிக்கொள்வது. அவன் சொல்லச் சொல்ல அவள் எவ்வளவு தேவை என்பது நமக்குத் தெரிந்துகொண்டே போகும். கடைசிப் பாட்டைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி கீழே இருக்கிறது.

அவர் குரல் பாடகர் குரலே இல்லையே? பேசுற மாதிரிதானே பாடுறார்?

பேசுகிற மாதிரிதான் பாடுகிறார், அதுதான் அவர் பலம். வானொலியில் மைக்கின் முன் பேசிப் பழகியவர். மைக் இருக்கும்போது கத்த வேண்டியதில்லை, பக்கத்தில் போனால் போதும் என்று அவருக்குத் தெரியும். 1963-ல் வந்த அவருடைய முதல் எல்பி 'டிரபுள் இஸ் எ லோன்சம் டவுன்'. அதில் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ஊர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேச்சுக் குரலில் ஒரு சின்ன அறிமுகம் வரும். பேச்சு முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் தையல் தெரியாது.

இந்தக் குரல் எவ்வளவு யோசித்துப் பயன்படுத்தப்பட்டது என்று பார்க்க, நான்சியுடன் அவர் பாடிய 'சம் வெல்வெட் மார்னிங்' (1967) கேளுங்கள். லீ பாடும் பகுதி நான்கு தட்டுத் தாளம், நான்சி பாடும் பகுதி மூன்று தட்டுத் தாளம். முடிவில் இரண்டும் வரிக்கு வரி மாறி மாறி வரும். கையால் தாளம் போட்டுப் பாருங்கள், கை தடுமாறும். அந்த இரண்டு பேரும் தடுமாறுவதில்லை.

எல்.எச்.ஐ.ன்னு லேபிள்ல இருக்கே, அது என்ன?

'லீ ஹேசில்வுட் இண்டஸ்ட்ரீஸ்' என்பதன் சுருக்கம். 'பூட்ஸ்' வெற்றிக்குப் பிறகு அவரே தொடங்கிய ரெக்கார்டு நிறுவனம். 1970களின் தொடக்கத்திலேயே மூடப்பட்டுவிட்டது. அதற்குள் நிறையப் பேரைப் பதிவு செய்து வெளியிட்டார், பெரும்பாலானவை விற்கவில்லை.

அவற்றில் ஒன்று இன்டர்நேஷனல் சப்மரீன் பேண்டின் 'சேஃப் அட் ஹோம்' (1968). கிராம் பார்சன்ஸ் என்ற இளைஞரின் குழு அது. தயாரித்தவர் மேலே சொன்ன சூசி ஜேன் ஹோகோம். ஒரு பெண் ரெக்கார்டு தயாரிப்பாளராக இருப்பது அந்தக் காலத்தில் மிக அபூர்வம், அவர் பெயரை நாம் இன்னும் சத்தமாகச் சொல்ல வேண்டும். தட்டு வெளிவருவதற்குள் கிராம் பார்சன்ஸ் 'தி பேர்ட்ஸ்' குழுவுக்குப் போய்விட்டார். ஒப்பந்தம் தங்களிடம் இருக்கிறது என்று எல்.எச்.ஐ. தரப்பு பிரச்சினை எழுப்ப, அந்தக் குழுவின் 'ஸ்வீட்ஹார்ட் ஆஃப் தி ரோடியோ' எல்பியில் அவர் பாடியிருந்த சில பாட்டுகளை வேறு குரலில் மறுபடி பாட வேண்டியதாயிற்று. சேகரிப்பவர்கள் எல்.எச்.ஐ. தட்டு என்றாலே திரும்பிப் பார்ப்பதற்கு இந்த வரலாறும் ஒரு காரணம்.

அப்படி என்ன விலை? ஏன் இவ்வளவு கேக்குறாங்க?

இன்றைக்கு ஒரு தொகையைச் சொன்னால் நாளைக்கு மாறிவிடும், அதனால் பார்க்கும் வழியைச் சொல்கிறேன். டிஸ்காக்ஸ் போன்ற தட்டு வாங்கி விற்கும் இணையதளங்களில் விற்பவர் கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள். இதுவரை உண்மையில் விற்ற விலை என்று தனியாக இருக்கும், அதையும் தட்டின் நிலையையும் சேர்த்துப் பாருங்கள். ஒருவர் கேட்கிறார் என்பதற்காக அது விலை ஆகிவிடாது.

ஏன் அதிகம் என்றால், முதலில் வந்தபோது வாங்க ஆளில்லை. அச்சானது குறைவு, அதிலும் நல்ல நிலையில் மிஞ்சியது இன்னும் குறைவு. பிறகு இருபது முப்பது வருஷம் கழித்துக் கேட்பவர்கள் பெருகினார்கள். 1990களில் இளம் இசைக்கலைஞர்கள் இவரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். சோனிக் யூத் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஸ்டீவ் ஷெல்லி தன் சிறிய நிறுவனத்தின் வழியாக இந்தத் தட்டை மறுபடி வெளியிட்டார். 1999-ல் லண்டனில் பாடகர் நிக் கேவ் பொறுப்பில் நடந்த மெல்ட்டவுன் இசை விழாவில், எழுபது வயதை ஒட்டிய லீ மேடையேறினார். அதற்குப் பின் பழைய பிரதிகள் விலை ஏறாமல் இருக்குமா?

மறுபதிப்பு வாங்கலாமா, இல்ல ஒரிஜினலுக்குத்தான் காத்திருக்கணுமா?

மறுபதிப்பை முதலில் வாங்குங்கள். இதை நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்கிறேன். சியாட்டிலின் லைட் இன் தி ஆட்டிக் நிறுவனம் 2010களில் லீயின் எல்.எச்.ஐ. காலத்துப் பதிவுகளை ஒவ்வொன்றாக அக்கறையோடு வெளியிட்டது. அச்சுத் தரமும், கூட வருகிற கட்டுரையும் படங்களும் நன்றாக இருக்கும். ஒரிஜினலின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை.

ஒரு வருஷம் மறுபதிப்பைக் கேளுங்கள். மழை பெய்கிற நாளில் தானாகக் கை அந்தத் தட்டுக்குப் போகிறதா என்று பாருங்கள். போனால் அப்புறம் ஒரிஜினலைத் தேடலாம். கேட்காமலேயே ஒரிஜினல் வாங்கி, சுவரில் மாட்டி வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டு அதில் இருக்கிறது, கேட்கத்தானே அவர் பாடினார் என்று மனசு கேட்காது.

ஒரிஜினல்னு சொல்லி விக்கிறாங்க. நான் எப்படி நிச்சயமா தெரிஞ்சுக்கிறது?

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வழவழப்பாக ஒரு வளையம் இருக்கும். அதில் கையால் கீறியோ அச்சடித்தோ சில எழுத்துகளும் எண்களும் இருக்கும், சாய்க்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். எந்த மூல அச்சிலிருந்து இந்தத் தட்டு வந்தது என்பதன் அடையாளம் அது. கவரை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், லேபிளையும் எடுக்கலாம், இந்த வளையத்தை அதே மாதிரி செய்வது கடினம். விற்பவரிடம் இரண்டு பக்கத்து வளையத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸ்காக்ஸில் பதிவான பிரதிகளின் எண்களோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னும் இரண்டு சுலபமான சோதனைகள். கவரில் பார்கோடு இருந்தால் அது 1970-ன் கவர் கிடையாது, எல்பி கவர்களில் பார்கோடு வந்தது 70களின் கடைசியில்தான். இரண்டாவது, வட்டத்துக்குள் 'பி' எழுத்து இருக்கும் உரிமைக் குறி. அமெரிக்கச் சட்டம் ஒலிப்பதிவுக்குத் தனிக் காப்புரிமை கொடுத்ததே 1972 பிப்ரவரியிலிருந்துதான். 1970-ல் அமெரிக்காவில் அச்சானது என்று சொல்லப்படும் லேபிளில் அந்தக் குறி இருந்தால் சந்தேகப்படுங்கள். ஐரோப்பியத் தட்டுகளில் அது முன்பே உண்டு, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

மோனோவா ஸ்டீரியோவா, எது வாங்கணும்?

மோனோ என்றால் எல்லா ஒலியும் ஒரே தடத்தில், ஸ்டீரியோ என்றால் இடது வலது என்று இரண்டு தடத்தில். இந்தத் தட்டுக்கு அந்தக் கேள்வி எழாது. அமெரிக்க நிறுவனங்கள் 1968 வாக்கிலேயே மோனோ எல்பிகளைக் கைவிட்டுவிட்டன, இது 1970. ஆனால் 1963-ன் 'டிரபுள் இஸ் எ லோன்சம் டவுன்' இரண்டு விதமாகவும் வந்தது. அதை வெளியிட்ட மெர்க்குரி நிறுவனத்தின் தட்டு எண்ணில் முன்னால் 'எம்ஜி' இருந்தால் மோனோ, 'எஸ்ஆர்' இருந்தால் ஸ்டீரியோ.

கவர் மூலையில வெட்டியிருக்கு. ஏமாத்திட்டாங்களா?

இல்லை. விற்காமல் தேங்கிய தட்டுகளை நிறுவனங்கள் கழிவு விலைக்குத் தள்ளிவிடும்போது, முழு விலைக்குத் திருப்பிக் கொடுக்க முடியாதபடி மூலையை வெட்டுவார்கள், அல்லது கவரில் துளை போடுவார்கள், ரம்பத்தால் ஒரு கீறு போடுவார்கள். வாங்க ஆளில்லாத தட்டுக்கு இது நடந்ததில் ஆச்சரியம் இல்லை. உள்ளே இருக்கும் தட்டு பெரும்பாலும் யாரும் கேட்காத புதுத் தட்டு. பாட்டுக்காக வாங்குகிறவர்களுக்கு வெட்டுப்பட்ட கவர் நல்ல வாய்ப்பு, விலை குறையும்.

விஜி பிளஸ்னு போட்டிருந்தது, வந்ததும் ஒரே சட்சட் சத்தம். ஏன்?

பழைய தட்டின் நிலையைச் சொல்ல விற்பவர்கள் போடும் தரக்குறிகள் ஆளுக்கு ஆள் மாறும். 'விஜி' என்பதன் விரிவு 'ரொம்ப நல்லது' என்று இருந்தாலும், நடைமுறையில் அது கீறலும் சத்தமும் உள்ள தட்டு. 'விஜி பிளஸ்' என்றால் லேசான தேய்மானம், பாட்டைக் கெடுக்காது. 'நியர் மின்ட்' கிட்டத்தட்டப் புதுசு. வெறும் 'ஜி' என்றால், பெயர் 'நல்லது' என்றாலும், வாங்காதீர்கள்.

பலர் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போடுகிறார்கள், போட்டுக் கேட்பதில்லை. பழைய கனமான ஊசியில் ஓடித் தேய்ந்த பள்ளம் பார்க்கப் பளபளவென்றே இருக்கும், பாடும்போதுதான் இரையும். அதனால் விற்பவரிடம் ஒரே கேள்வி: "போட்டுக் கேட்டீங்களா?" இந்தத் தட்டில் அமைதியான பாட்டுகள் அதிகம், 'ஈஸி அண்ட் மீ' நடுவே ஒவ்வொரு சட்சட்டும் துல்லியமாகக் கேட்கும். சத்தம் தேய்மானமா வெறும் அழுக்கா என்று தெரிய முதலில் கழுவிப் பாருங்கள், முறை கீழே.

பிரிக்காத சீல் போட்டது கிடைச்சா நிச்சயம் ஒரிஜினல்தானே?

நிச்சயம் கிடையாது. பிளாஸ்டிக் உறை போடும் இயந்திரம் எந்தக் கடைக்காரரிடமும் இருக்கலாம். சீல் பிரிக்காத வரை மேலே சொன்ன வளையத்தையும் பார்க்க முடியாது. உள்ளே வளைந்த தட்டு இருந்தாலும் தெரியாது. நான் சீல் போட்ட பழைய தட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்கும்போது என்ன பார்க்கணும்?

தட்டைக் கவருக்கு வெளியே எடுத்து, கவரையும் தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கட்டச் சொல்லுங்கள். இதைக் கேட்க மறந்து நான் ஒரு தட்டை இழந்திருக்கிறேன். இழந்தது தட்டை அல்ல, கவரை. பயணம் முழுக்க உள்ளே தட்டு ஆடி ஆடி, கவரின் அடித் தையலை முக்கால் அடிக்குக் கிழித்திருந்தது. ஐம்பது வருஷம் யார் யாரோ பத்திரமாக வைத்திருந்த கவர், என்னிடம் வரும் வழியில் கிழிந்தது. இன்றைக்கும் அதை எடுக்கும்போது அந்தக் கிழிசலைத் தடவாமல் இருக்க முடிவதில்லை. இரண்டு பக்கமும் கனமான அட்டை வைக்கச் சொல்லுங்கள். சுங்க வரி வரும் என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிடுங்கள்.

தண்ணி விட்டுக் கழுவலாமா? எங்க தாத்தா ஸ்பிரிட் போட்டுத் துடைப்பாராம்.

கழுவலாம், ஆனால் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதில் இருக்கும் உப்பு பள்ளத்துக்குள் காய்ந்துவிட்டால் புதிதாக ஒரு சத்தம் வரும். டிஸ்டில்டு வாட்டரில் வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் ஒரே ஒரு துளி, மென்மையான மைக்ரோஃபைபர் துணி, பள்ளம் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும், குறுக்கே அல்ல. லேபிளில் ஈரம் படக் கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இன்னொரு முறை. நிழலில் நிறுத்திக் காய வையுங்கள்.

ஸ்பிரிட் விஷயத்தில் கவனம். எல்பிகளைச் செய்யும் வினைல் பிளாஸ்டிக் கொஞ்சம் ஆல்கஹாலைத் தாங்கும். தாத்தா காலத்து 78 சுற்றுத் தட்டுகள் அரக்கால் செய்தவை, அரக்கு ஆல்கஹாலில் கரையும். ஒரு முறை துடைத்தாலே பாட்டு போய்விடும். வீட்டில் பழைய கச்சேரித் தட்டு இருந்தால் தயவுசெய்து ஸ்பிரிட் பாட்டிலை அதன் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

எங்க ஊர் ஈரத்துக்கு கவர்லாம் பூஞ்சை பிடிக்குதே?

கடலோரத்தில் இருக்கிற நம் எல்லோருக்கும் இந்தத் தொல்லை உண்டு. வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் சுவர் வழியே ஈரம் இறங்கும். தட்டுகளை நேராக நிறுத்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது வளையும். சிலிக்கா ஜெல் பைகளை வைத்து, மாதம் ஒரு முறை மாற்றுங்கள். வெளி உறை கெட்டியான பிவிசி வேண்டாம், அது வருஷக்கணக்கில் தட்டோடு ஒட்டி மங்கலான கறை விடும். மெல்லிய பாலித்தீன் போதும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, அடிக்கடி எடுத்துப் போட்டுக் கேட்பது. அடிக்கடி காற்று படுகிற தட்டில் பூஞ்சை அவ்வளவு சுலபமாகப் பிடிக்காது.

போன்லயே கேக்க முடியுதே, எதுக்குத் தட்டு?

போனில் கேட்டால் போதும் என்றால் அதுவும் சரிதான், பாட்டு போய்ச் சேருவதுதான் முக்கியம். நான் தட்டை விரும்புவதற்குக் காரணம் வரிசை. மேலே பாட்டுகளைச் சொன்ன வரிசையைப் பாருங்கள்: மூன்று பாரமான பாட்டுக்குப் பிறகு ஒரு சீண்டல், தன் குரல் இல்லாத ஒரு பாட்டுக்கு இடம், அப்புறம் அமைதி. போனில் கை தானாகத் தாவிவிடும். தட்டில் ஊசியைத் தூக்கி வைக்கச் சோம்பல் பட்டு உட்கார்ந்திருப்போம், அந்தச் சோம்பலில்தான் எனக்கு 'கோல்டு ஹார்டு டைம்ஸ்' பிடிக்க ஆரம்பித்தது.

அந்த டிவி படத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். 2013-ல் மேலே சொன்ன சியாட்டில் நிறுவனம் 1966 முதல் 1971 வரையான எல்.எச்.ஐ. பதிவுகளை ஒரு பெரிய பெட்டியாக வெளியிட்டது. அதில் இந்தப் படத்தின் டிவிடியும் உண்டு. 'ஹே கௌபாய்' பாடும்போது அவர் முகத்தைப் பார்த்த பிறகு தட்டு வேறு மாதிரி கேட்கும்.

முதலீடா வாங்கி வெச்சா லாபமா?

இதற்கு நான் சரியான ஆள் இல்லை. ஒன்று சொல்ல முடியும்: இந்தத் தட்டின் விலை ஏறியதற்குக் காரணம் கேட்டவர்கள், பூட்டி வைத்தவர்கள் அல்ல. விற்கும் எண்ணம் இருந்தாலும், எங்கே வாங்கினீர்கள், எப்போது கழுவினீர்கள் என்று ஒரு சீட்டு எழுதி உள்ளே வையுங்கள். அடுத்தவருக்கு உதவும்.

இது பிடிச்சா அடுத்து எது?

'ரெக்வியம் ஃபார் அன் ஆல்மோஸ்ட் லேடி' (1971). ஒரு பிரிவைப் பற்றிய தட்டு முழுவதும். வயலின் கூட்டம் கிடையாது, கிதாரும் பாஸும் அவர் பேச்சும்தான். முதல் தடவை தனியாகக் கேளுங்கள். பிறகு முதல் தட்டான 'டிரபுள் இஸ் எ லோன்சம் டவுன்'. ஆக்செல்மானோடு செய்த இன்னொரு படத்தின் இசை 'எ ஹவுஸ் சேஃப் ஃபார் டைகர்ஸ்' (1975), அப்போது ஸ்வீடனில் மட்டும் வந்தது. கடைசியாக 'கேக் ஆர் டெத்' (2006), சிறுநீரகப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு செய்தது. அதில் 'சம் வெல்வெட் மார்னிங்' பாட்டை அவருடைய பேத்தி பாடுகிறாள். 2007 ஆகஸ்ட் 4 அன்று நெவாடாவின் ஹெண்டர்சனில் லீ காலமானார்.

கடைசிப் பாட்டு என்ன மொழி? புரியவே இல்ல, ஆனா தொண்டையை அடைக்குது.

ஸ்வீடிஷ். 'வெம் கான் சேக்லா' என்பது அந்தப் பக்கத்தில் குழந்தைகளுக்குக்கூடத் தெரிந்த பழைய நாட்டுப்பாட்டு. காற்றில்லாமல் யாரால் பாய்மரம் ஓட்ட முடியும், துடுப்பில்லாமல் யாரால் படகு வலிக்க முடியும், கண்ணீர் விடாமல் நண்பனை யாரால் பிரிய முடியும் என்று கேட்கிறது. அடுத்த கண்ணியில் பதில் வரும்: காற்றில்லாமலும் ஓட்டுவேன், துடுப்பில்லாமலும் வலிப்பேன், நண்பனைப் பிரியும்போது மட்டும் அழாமல் இருக்க என்னால் முடியாது.

அதுவரை ஆங்கிலத்தில் கதை சொல்லி வந்தவர், கடைசியில் போய்ச் சேர்ந்த ஊரின் பாட்டை நீனாவோடு சேர்ந்து பாடுகிறார். ஸ்வீடிஷ் அவர் வாயில் கொஞ்சம் முரடாகத்தான் உருளும். அந்த முரட்டு உச்சரிப்புக்காகவே நான் அந்தப் பாட்டு முடிந்தும் ஊசியை உடனே தூக்குவதில்லை. அந்த வழவழப்பான வளையத்தில் அது நாலைந்து சுற்று ஓடட்டும் என்று விட்டுவிடுவேன்.